தேநீரா, தேனீரா? ஓட்டல் பலகைகளில் நம் எழுத்துகள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது தயங்கினேன். நான் கல்லூரியில் தமிழ் படித்தவன் அல்லன். பத்தாவதோடு படிப்பை முடித்துக் கல்லாவில் உட்கார்ந்தவன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். என் தகப்பனார் காலத்தில் சித்தூருக்கு வந்து, பிறகு கங்காதர நெல்லூரில் மளிகைக் கடை வைத்தோம். சித்தூர், திருப்பதி ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் பருப்பும் எண்ணெயும் போடுகிற வியாபாரம். சரக்கு இறக்கும் நேரத்தில் சும்மா நிற்க முடியாது அல்லவா? போர்டையும் விலைப்பட்டியலையும் படித்துக்கொண்டு நிற்பேன். முப்பது முப்பத்தைந்து வருஷம் அப்படிப் படித்ததன் பயன்தான் இந்தக் கட்டுரை.

பிழையைக் கண்டு சிரிப்பது சுலபம். நானும் சிரித்தவன்தான். சிரிப்பை நிறுத்திய சம்பவம் ஒன்று நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தை குடிக்காத டீ

சுமார் முப்பது வருஷத்துக்கு முன் என் பெரிய அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலிக்குத் திருப்பதியில் டாக்டரிடம் காட்டிவிட்டு, மாலையில் பஸ்ஸுக்கு நின்றோம். சமணர் வீட்டுப் பெரியவர்களின் நியமம் உங்களில் பலருக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் உணவு இல்லை, தண்ணீரும் இல்லை. கள், ஊன், தேன் மூன்றும் எப்போதும் விலக்கு. தேனை விலக்குவது ஏன் என்றால், ஒரு கூட்டைப் பிழியும்போது எத்தனை உயிர் சாகிறது என்பதுதான் கணக்கு.

அன்று காலையிலிருந்தே அலைச்சல். அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. பொழுது சாய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்து, "சூடா ஒரு டீ குடிங்க அத்தே, நான் பஸ் விசாரிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனேன். திரும்பி வரும்போது விளக்கு ஏற்றிவிட்டார்கள். டீ ஆடை கட்டி அப்படியே இருக்கிறது.

"ஏன் அத்தே?"

"போர்டைப் பாருடா."

பார்த்தேன். "ஏலக்காய் தேனீர்" என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது.

"தேன் போட்டதான்னு பையனைக் கேட்டேன். ஆமான்னு தலையாட்டறான். எனக்குத் தேன் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

பையன் தெலுங்குப் பையன். அத்தை சொன்ன "தேன்" அவன் காதில் எப்படி விழுந்ததோ தெரியாது. அத்தை அந்தக் காலத்திலேயே சிந்தாமணி வாசித்தவர், எழுத்தை எழுத்தாகப் படிக்கிறவர். தேன் கலந்த ஏலக்காய் நீர் என்று படித்தார். படித்ததில் பிழை இல்லை, எழுதியதில்தான் பிழை. பொழுதும் போய்விட்டது. மறுநாள் சூரியன் உதிக்கும் வரை அந்தக் கிழவி பச்சைத் தண்ணீர் தொடவில்லை. ஒரு எழுத்து செய்த வேலை இது.

ந எங்கே, ன எங்கே?

தே என்பது சீனத்திலிருந்து வந்த சொல். மலாய்க்காரர் 'தே' என்பதும் அதுதான். தே + நீர் = தேநீர். ஆனால் தேன் + நீர் என்று சேர்த்தால் தேனீர் என்று ஆகும். அதற்குத் தேன் கலந்த நீர் என்றே பொருள். இலங்கைத் தமிழர் 'தேத்தண்ணீர்' என்பார்கள், அங்கே இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

தமிழில் சொல்லின் முதலில் ந வரும், ன வராது. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் பெரும்பாலும் ன வரும். த-வுக்கு முன் மட்டும் 'பந்து' என்பதுபோல் ந் வரும். இந்தப் பாதி விதியை மட்டும் நினைவில் வைத்தவர்கள், நடுவில் ந-வைப் பார்த்தால் தப்பு என்று ன ஆக்கிவிடுகிறார்கள். இரண்டு சொல் சேரும்போது இரண்டாவது சொல்லின் ந அப்படியே நிற்கும் என்பது மறந்துபோகிறது. இளநீர், குடிநீர், தேநீர் எல்லாம் அப்படித்தான். வெம்மை + நீர் வெந்நீர், 'வென்னீர்' பிழை. தண்ணீர் மட்டும் ஏன் மாறியது என்றால், தண் என்பதன் ண், பக்கத்து ந-வைத் தன்னைப்போல் ஆக்கிக்கொண்டது.

அந்த வாரமே போர்டு எழுதிய பெயிண்டரைத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "தெலுகுல தேனீருதானே சாமி?" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. உண்மைதான்! தெலுங்கில் தேநீருக்குத் தேனீரு என்ற சொல் உண்டு. தெலுங்கில் நம் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து. அவர் தம் மொழியில் சரியாக எழுதியதைத்தான் நம் எழுத்தில் போட்டிருக்கிறார். இது அறியாமை இல்லை. ஒரு மொழியின் இலக்கணம் இன்னொரு மொழிக்குள் வந்து நிற்பது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் காரணம் தேட ஆரம்பித்தேன்.

ர, ற: கறியும் கரியும்

நம் பக்கத்து விலைப்பட்டியல்களில் அதிகம் அடிபடுவது இந்த ஜோடி. கறி என்றால் காய்கறி, தொடுகறி, இக்காலத்தில் இறைச்சி. கரி என்றால் அடுப்புக்கரி. பழைய நூல்களில் யானை. "கரி தோசை" என்று எழுதினால் சாப்பிட வந்தவர் கருகிய தோசை என்றோ யானைத் தோசை என்றோ நினைக்கலாம். இதே போல:

பொரியல் சரி. பொரித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பொறி என்பது எலிப்பொறி, தீப்பொறி, இயந்திரம். "கத்தரிக்காய் பொறியல்" என்று படித்தால் எனக்கு என்ஜினியரிங் காலேஜ் ஞாபகம்தான் வருகிறது.

வறுவல் சரி. வறு என்ற வினை. வருவல் என்றாலும் ஒரு பொருள் இருக்கிறது: பழந்தமிழில் 'நான் வருவேன்' என்பதை அப்படிச் சொல்வார்கள். "கோழி வருவல்" என்ற போர்டில் கோழியே நம்மிடம் வாக்குக் கொடுப்பதுபோல் ஆகிவிடுகிறது.

முறுக்கு சரி. முறுக்கிச் சுற்றுவதால் அந்தப் பெயர். முருக்கு என்பது செந்நிறப் பூ பூக்கும் ஒரு மரம்.

அரை பிளேட் என்றால் பாதி. அறை என்றால் ரூம். கன்னத்தில் விழுவதும் அதுதான். "அறை பிளேட் பிரியாணி" கேட்பவர் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இந்த எழுத்துகள் பிறக்கும் விதத்தைச் சொல்லியிருக்கிறார். நுனிநாக்கு மேல்வாயை வருடினால் ர, ழ. அழுத்தமாகப் பொருந்தினால் ற, ன. வருடுவதும் அழுத்துவதும் வேறுவேறு. இன்று பேச்சில் நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகவே வருடிவிடுகிறோம். வாயில் போன வித்தியாசம் கையிலும் போகிறது. தெலுங்கிலும் முன்பு ற-வுக்கு இணையான தனி எழுத்து இருந்தது. 'பண்டி ர' என்பார்கள். இன்றைய தெலுங்கு எழுத்தில் அது வழக்கொழிந்து சாதாரண ர ஆகிவிட்டது. ஆகவே தெலுங்கு பெயிண்டருக்கு ற-வும் ர-வும் ஒரே சரக்குக்கு இரண்டு பெயர் மாதிரிதான்.

ல, ள, ழ: புலியோதரை

திருப்பதி வருகிறவர்கள் கேட்டு வாங்குவது புளியோதரை. "புலியோதரை", "புலி சாதம்" என்று எழுதிய பட்டியல்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். காரணம் மறுபடியும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. தெலுங்கில் புலி என்றால் நம் புலியேதான். அவர்கள் சொல்லும் புலிஹோர, புலுசு என்ற புளிப்புச் சொற்களிலும் அதே ல-தான். தெலுங்கில் ள இல்லாமல் இல்லை. ஆனால் இந்தச் சொற்களில் வராது. தமிழில் புலி வேறு, புளி வேறு.

ழ சங்கதி இன்னும் சுவாரசியம். நம் கோழி அவர்களுக்குக் கோடி, நம் ஏழு அவர்களுக்கு ஏடு. ஏழுமலையானை அவர்கள் ஏடுகொண்டலவாடு என்கிறார்கள். தெலுங்கின் பழைய கல்வெட்டுகளில், முக்கியமாகக் கடப்பைப் பக்கத்து ரேநாட்டுச் சோழர் காலத்தவற்றில், ழ-வுக்குத் தனி எழுத்து இருந்தது. பிறகு மறைந்துவிட்டது. அதனால் "ஏளுமலையான் மெஸ்", "வாளைப்பளம்", "கோளி குளம்பு" எல்லாம் வருகின்றன. தமிழில் வாளை ஒரு மீன் என்பதால் 'வாளைப்பளம்' சைவர் கண்ணுக்குக் கொஞ்சம் திகிலாகவே இருக்கும். ஆனால் நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: பிழையெல்லாம் தெலுங்குக்காரர் செய்தவை அல்ல. ழ-வை ள ஆக்குவதில் நம் தமிழ்நாட்டு ஊர்களும் குறைந்தவை இல்லை.

ண, ன: இது நம் சொந்தப் பிழை

அன்னதானம் என்பதை "அண்ணதானம்" என்று எழுதிய துணிப் பேனர்களைக் கண்டிருக்கிறேன். அன்னம் சோறு. அண்ணம் என்றால் வாயின் மேற்புறம். தெலுங்கில் ண-வும் ன-வும் தனித்தனி, அன்னதானத்தை அவர்கள் தவறாக எழுத மாட்டார்கள். இந்தப் பிழை முழுக்க நம் கணக்கில் வருவது.

என் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. என் கடைப் போர்டில் 17 வருஷம் "நல்லெண்ணை கிடைக்கும்" என்று இருந்தது. எழுதிக் கொடுத்தவன் நான்தான். நன்னூலை உரையோடு வாங்கி நானே படிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து வரும் நெய் என்பதே பொருள். கடைசியில் ய் இல்லாமல் நெய் எங்கே? தெலுங்கின் நூனெ என்பதும் எள்ளைக் குறிக்கும் சொல்லும் நெய்யும் சேர்ந்ததுதான் என்று மொழி நூலார் சொல்வார்கள். எண்ணெய் விற்றுப் பிழைத்தவன் அந்தச் சொல்லையே தப்பாக எழுதிவைத்திருந்தேன். அதனால்தான் பிறரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினேன்.

ஒற்றும் இடைவெளியும்

க், ச், த், ப் எங்கே மிகும் என்பது பண்டிதர்களையே தடுக்கி விடும் இடம். எலுமிச்சைச் சாதம், மோர்க்குழம்பு, கீரைக்கூட்டு என்று எழுதுவது நல்லது. "தக்காளி சட்னி" என்று ஒற்றில்லாமல் எழுதினால் நான் குறை சொல்ல மாட்டேன். பிறமொழிச் சொல் வரும் இடத்தில் வழக்கு கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். ஆனால் இல்லாத ஒற்றைப் போடுவது பிழை. "ஊறுக்காய்" என்று எழுதுகிறார்கள். ஊறுகாய் வினைத்தொகை, ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று முக்காலத்துக்கும் பொருந்துவது. வினைத்தொகையில் வல்லின ஒற்று மிகாது. பொரிகடலையும் அப்படியே.

இடைவெளியும் பொருளை மாற்றும். "குடி நீர்" என்று பிரித்து எழுதினால், 'நீர் குடியும்' என்று யாரோ அதட்டுவதுபோல் இருக்கிறது. குடிநீர் ஒரே சொல்.

பிழை போலத் தோன்றினாலும் பிழை அல்லாதவை

இட்லியை இட்டிலி என்று எழுதவில்லையே என்று சண்டைக்குப் போகக் கூடாது. இட்லி வழக்கு. பரோட்டா, புரோட்டா இரண்டும் வழங்குகின்றன. ஓட்டல், ஹோட்டல் இரண்டும் சரியே. மிகப் பழைய போர்டுகளில் லை, ளை, னை, ணை ஆகிய எழுத்துகள் யானைத் தும்பிக்கை போல மேலே சுழித்து இருக்கும். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது. நம் பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது, ஆனால் பிழை அன்று. அப்படி ஒரு பலகை மிஞ்சியிருந்தால் அழிக்க விடாதீர்கள்; போட்டோ எடுத்து வையுங்கள்.

எழுதும் தொழிலாளர் பிழை விடுவது புதிதும் அல்ல. கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. ஏட்டிலும் அப்படியே; எழுத்தாணி ஓலையைக் கிழிக்கும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன், ஏடுகளை ஒப்பிட்டும் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடந்து கேட்டும்தான் பாடத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டார். பிழை திருத்துவது அன்றைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்கிற வேலையாகத்தான் இருந்தது.

ஃபிளெக்ஸ் வந்த பிறகு

பெயிண்டர் காலத்தில் ஒரு ஊருக்கு நாலு கை எழுதும். நாலு பேரிடம் பேசினால் போதும். இப்போது போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைத்து, அதை அப்படியே ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்புகிறார்கள். ஆங்கிலத்தில் ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து. ல, ள, ழ-வுக்கும் ர, ற-வுக்கும் அதே கதி. எந்திரம் காட்டும் முதல் சொல்லைத் தொட்டுவிட்டால் முடிந்தது. ஒரு பிழையான விலைப்பட்டியலைப் பார்த்து அடுத்த கடைக்காரர் தமக்கும் அப்படியே போடச் சொல்கிறார். எங்கள் ஊர்ப் பெயரே ஒரு ஃபிளெக்ஸில் "கங்காதர நல்லூர்" ஆகிவிட்டது. ஒரு கொம்பு விழுந்ததில் நெல் போய்விட்டது. நல்ல ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் பேரில் இருப்பது நெல்.

ஏன் இவ்வளவு கவலை?

"ஓட்டல் போர்டில் என்ன ஓய் இலக்கணம்? சோறு நன்றாக இருந்தால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர் அப்படிக் கேட்கலாம். நம் நிலை வேறு.

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகச் சொல்வது வேங்கடத்தை. அந்த எல்லையில் குடியிருப்பவர்கள் நாம். சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானபோது வட ஆர்க்காட்டின் பகுதிகளும் கடப்பையின் பகுதிகளும் சேர்ந்தே உருவானது. 1953-இல் ஆந்திரத்தோடு போனது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் இங்கேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் பக்கத்து வீட்டாரோடு நமக்குச் சண்டை இல்லை. அவர்கள் நாட்டில் அவர்கள் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம் பிள்ளைகள் படிப்பது இங்கிலீஷ் மீடியத்தில், இரண்டாம் மொழி தெலுங்கு. தமிழ் காதில் விழும் மொழியாக இருக்கிறதே தவிர, கண்ணில் படும் மொழியாக இல்லை.

என் பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் "உருளைக்கிழங்கு வருவல்" என்று எழுதினான். பெரிய ற போடணும் ராஜா என்று திருத்தினேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

"தாத்தா, பஸ் ஸ்டாண்டு மெஸ் போர்டுல சின்ன ர-தானே போட்டிருக்கு? அவ்ளோ பெருசா எழுதினவங்க தப்பா எழுதுவாங்களா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் தானாகப் படித்த முதல் தமிழ் அந்த மெஸ் போர்டு. வீட்டில் நன்னூல் இருக்கிறது, அலமாரியில் நாலடியாரும் இருக்கிறது. அவற்றை நான் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. போர்டோ தினமும் ஸ்கூல் வேனில் போகும்போது அவன் கண்ணெதிரே நிற்கிறது. நம் ஊர்களில் ஓட்டல் போர்டுதான் அரிச்சுவடி. அரிச்சுவடியில் பிழை இருந்தால் பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

என்ன செய்யலாம்?

தார் பூசுவதும் கேலி செய்வதும் வேண்டாம். கடைக்காரருக்குக் கோபம் வந்தால் அடுத்த தடவை தமிழையே எடுத்துவிடுவார்; தெலுங்கும் இங்கிலீஷும் மட்டும் மிஞ்சும். பிழையான தமிழாவது எழுதுகிறாரே, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நான் செய்து பார்த்துப் பலன் கண்ட முறையைச் சொல்கிறேன்.

கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். பிற்பகல் மூன்று மணி நல்ல நேரம். ஏதாவது ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள். பிறகு சரியான சொல்லை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். தப்பு என்று சொல்லாதீர்கள். அடுத்த முறை போர்டு மாற்றும்போது இப்படிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்லுங்கள். ஒரே எழுத்து என்றால் பெயிண்டுக் காசை நாமே கொடுக்கலாம். கீழே உள்ள பட்டியலைப் படி எடுத்து, உங்கள் ஊர் ஃபிளெக்ஸ் கடைக்காரர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.

தேனீர் — தேநீர்
வென்னீர் — வெந்நீர்
கரி தோசை — கறி தோசை
பொறியல் — பொரியல்
பொறிகடலை — பொரிகடலை
வருவல் — வறுவல்
முருக்கு — முறுக்கு
அறை பிளேட் — அரை பிளேட்
புலியோதரை — புளியோதரை
கோளி குளம்பு — கோழிக் குழம்பு
வாளைப்பளம் — வாழைப்பழம்
அண்ணதானம் — அன்னதானம்
எண்ணை — எண்ணெய்
ஊறுக்காய் — ஊறுகாய்
குடி நீர் — குடிநீர்
சில்லரை — சில்லறை

அந்தப் பழைய பெயிண்டர் என்ன செய்தார் என்று சொல்லாமல் முடிக்கக் கூடாது. நான் ந-வுக்கும் ன-வுக்கும் உள்ள கதையைச் சொல்லி முடித்ததும் சிரித்தார். "மீரு ராசி இவ்வண்டி, நேனு வேஸ்தானு" என்றார். நீங்கள் எழுதிக் கொடுங்கள், நான் போடுகிறேன் என்று அர்த்தம். கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே ன-வை அழித்து ந போட்டுவிட்டார், காசு வாங்கவில்லை. அதன் பிறகு தமிழ் போர்டு வேலை வந்தால், சரக்கு வண்டிக்காரனிடம் ஒரு சீட்டு அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அத்தை மறுபடி ஒரு முறை வந்தார். அந்தக் கடைக்கு அழைத்துப் போய்ப் போர்டைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். பொழுது இருந்தது. டீயும் குடித்தார்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!